பழைய பொருட்களை வாங்கினால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

"வீட்டுக்குத் தேவையானதை எல்லாம் புதிதாக வாங்காமல் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நிஜமாகவே மிச்சமாகுமா, இல்லை ரிப்பேர் செலவிலேயே அந்தப் பணம் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சமாகும், நன்றாகவே மிச்சமாகும். பதினோரு வருடமாக என் வீட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றவைதான். ஒரு தடவை பலமாக ஏமாந்தும் இருக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், பழைய பொருளுக்கு விலை ஏன் குறைகிறது என்று பார்த்துவிடலாம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். கடையிலிருந்து வாங்கி வந்த பொருளை மறுநாளே விற்கப் போனாலும் அதே விலை கிடைக்காது. ஒரே நாளில் என்ன தேய்ந்திருக்கும்? ஒன்றுமில்லை. ஆனால் வாங்க வருபவர் மனதில் "நன்றாக இருக்கிற பொருளை இவர் ஏன் விற்கிறார்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் விற்பனையை உதாரணமாக வைத்து இதைத்தான் விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவர் எல்லாப் பழைய கார்களையும் குறைத்தே கேட்பார். அதனால் பழுதில்லாத காருக்கும் சேர்த்து விலை அடிபடுகிறது.

ஆக, பழைய பொருளின் விலையில் இரண்டு கழிவு இருக்கிறது. ஒன்று தேய்மானத்துக்கு, இன்னொன்று சந்தேகத்துக்கு. தேய்மானக் கழிவில் நமக்கு லாபம் எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் ஆயுள் குறைவு, அதற்கேற்ற விலை, அவ்வளவுதான். நம் கைக்கு வரும் லாபம் சந்தேகக் கழிவில்தான் இருக்கிறது. பத்து நிமிடம் பார்த்து, தொட்டு, ஓட்டிச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள முடிகிற பொருளைப் பழையதாக வாங்குங்கள். எவ்வளவு பார்த்தாலும் தீராது என்றால் புதிதாகவே வாங்குங்கள். நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டது இதுதான்.

இப்போது நான் உட்கார்ந்து எழுதும் மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போகவிருந்த ஒரு பெரியவரிடம் வாங்கியது. மேல்பலகை முழுக்கக் கீறலும் டம்ளர் வைத்த வட்டங்களுமாக இருந்தது. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "மேல பார்க்காதீங்க தம்பி, ஒரு கை பிடிங்க, புரட்டிக் காட்டறேன்" என்றார். புரட்டினோம். அடியில் பெயின்ட் இல்லாத வெறும் மரம். நார் ஓட்டம் பலகையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போனது. காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணி இல்லை, ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் செருகியிருந்தார்கள். மூலையைப் பிடித்து ஆட்டினேன், அசையவே இல்லை. பேரம் பேச எனக்கு மனமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசினேன். கீறல்கள் போய்விட்டன, வட்டங்களில் ஒன்று மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. அதே விலைக்குப் புதிதாகப் போயிருந்தால் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில்தான் மேசை கிடைத்திருக்கும். தண்ணீர் பட்டால் அந்தப் பலகை ஊதிவிடும். ஒரு தடவை கழற்றி மாட்டினால் திருகு பழைய பிடிப்போடு நிற்காது. அதனால் மரச்சாமான் எதுவானாலும் புரட்டிப் பாருங்கள். மேல்பக்கக் கீறலைச் சரிசெய்துவிடலாம், அடியில் பூச்சி அரித்த சிறு துளைகளும் புதிதாக உதிரும் தூளும் இருந்தால் மட்டும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

இனி ஏமாந்த கதை. புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் ஒன்று வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. விற்றவர் பொத்தானை அழுத்திக் காட்டினார், விளக்கு எரிந்தது, தண்ணீர் ஏறியது. அதோடு திருப்தியாகி எடுத்து வந்துவிட்டேன். இரண்டே மாதம். துணி பிழியும்போது லாரி போகிற மாதிரி சத்தம். டிரம்மைத் தாங்கிச் சுழல வைக்கும் பேரிங் போயிருந்தது. அந்த மாடலில் வெளித்தொட்டி ஒரே துண்டாக ஒட்டப்பட்டது, பேரிங்கை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை, தொட்டியையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். வாங்கிய விலை, வண்டி வாடகை, ரிப்பேர் எல்லாவற்றையும் கூட்டினால் புது மெஷினுக்கு மிகக் கொஞ்சம்தான் குறைவு. புதிதென்றால் வாரண்டியாவது இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க மனசே சரியில்லை.

அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன், பேரிங்கைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கதவைத் திறந்து உள் டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும், கரகரவென்ற ஒலி வரக்கூடாது. பிறகு டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கில் தொங்குவதால் தொட்டி முழுவதும் சேர்ந்து அசையும், அது பரவாயில்லை. டிரம் மட்டும் தனியாக லொடலொடவென்று ஆடினால் பேரிங் முடிந்தது. அப்புறம், ஈரத்துணி போட்டு, பிழியும் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஓடுகிற எந்தப் பொருளையும் அதன் முழு வேலையைச் செய்ய வைத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். விற்பவர் "இப்போ ஓட்டிக் காட்ட முடியாதே" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஃபிரிட்ஜில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். ஆனால் ரொம்பப் பழைய ஃபிரிட்ஜ் இலவசமாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். அது இரவு பகலாக மின்சாரம் இழுக்கிற பொருள்.

மடிக்கணினியிலும் போனிலும் பாதி உண்மையை அந்தக் கருவியே சொல்லிவிடும். தகவலைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் தாங்கள் ஓடிய மணி நேரத்தையும் பழுதான பகுதிகளையும் பதிவு செய்து வைத்திருக்கும், இலவச மென்பொருளிலேயே பார்க்கலாம். பேட்டரி முதலில் எவ்வளவு கொள்ளும்படி செய்யப்பட்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று விண்டோஸ் கணினி அறிக்கையே தரும். போன் பேட்டரிகள் பலவும் சுமார் 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவுக்கு வரும்படி வடிவமைக்கப்பட்டவை. அதனால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண் வரும், அது பெட்டியிலும் ரசீதிலும் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். முந்தையவர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, உங்கள் கண் முன்னால் புதிதாகத் தொடங்கிக் காட்டட்டும். இல்லையென்றால் அவருடைய கடவுச்சொல் இல்லாமல் அந்தப் போனை நீங்கள் பயன்படுத்தவே முடியாமல் போகலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது மென்பொருளின் ஆயுளை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அதற்கு முந்தைய கணினிகள் இப்போது அடிமட்ட விலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு. தெரியாதவர் விலையைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

பழையதாக வாங்கவே கூடாது என்று நான் வைத்திருப்பவை சில உண்டு. ஹெல்மெட் அதில் முதல். உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு பலத்த அடியைத் தாங்கி நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அது ஏற்கனவே அடி வாங்கியதா என்பது வெளியே தெரியாமலே போகலாம், விற்பவரின் வாய் வார்த்தையை நம்பித் தலையைக் கொடுக்க முடியாது. காரில் குழந்தையை உட்கார வைக்கும் இருக்கையும் அப்படித்தான். மெத்தையும் வேண்டாம், மூட்டைப்பூச்சி இரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகிவிடும், அதனால் பழைய வண்டி பார்க்கும்போதும் முதலில் குனிந்து அந்த எண்ணைப் படியுங்கள்.

இன்னொரு லாபம் திருப்பி விற்கும்போது வருகிறது. முதல் உரிமையாளர்தான் பெரிய இறக்கத்தை ஏற்கனவே ஏற்றுக்கொண்டுவிட்டாரே. என் மகனின் சின்ன சைக்கிளைப் பழையதாக வாங்கி, இரண்டு வருடம் அவன் ஓட்டி, கால் எட்டாத நிலை போய் முழங்கால் இடிக்கிற நிலை வந்ததும், செயினை மட்டும் மாற்றி, வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன். செயின் செலவு போக வேறு செலவே இல்லை. குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்து கடந்துவிடுகிற பொருட்களில் இது நன்றாகக் கைகொடுக்கும். தொட்டில் கட்டில் மட்டும் பார்த்து வாங்குங்கள். பக்கச் சட்டம் கீழே இறங்குகிற மாதிரியான கட்டில்களை, குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால், அமெரிக்கா 2011இல் தடை செய்தது. அந்த வகை எங்கே கிடைத்தாலும் வேண்டாம்.

விலை ஒப்பிடும்போது பெட்டியில் அச்சிட்ட விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே பொருள் இன்று தள்ளுபடி போகப் புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் கால் பங்குகூட இல்லையென்றால் நான் புதிதாகவே வாங்கிவிடுவேன், வாரண்டிக்கு ஒரு மதிப்பு உண்டு. ஏற்றி இறக்கும் கூலியையும் மறக்க வேண்டாம். பொருளை நீங்கள் நேரில் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கேட்பவருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். மலிவாக வருகிறதே என்று தேவையில்லாததை வாங்கினால் அதில் மிச்சம் என்று எதுவும் இல்லை. என் வீட்டில் தேவையானவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், அதில் இல்லாத பொருளைப் பார்க்கவே போவதில்லை.

நீங்கள் முதன்முறையாக வாங்கப் போகிறீர்கள் என்றால் புத்தக அலமாரி, மேசை, நாற்காலி இவற்றில் தொடங்குங்கள். ஓடும் பாகம் எதுவும் இல்லாததால் பார்த்தே முடிவு செய்யலாம். வீடு மாறுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் ஏன் விற்கிறார்கள் என்பது கண்ணெதிரே தெரியும். பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் வீட்டு வாசல் கதவின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள்.