எண்கள் மறந்துபோவது மூளை தேய்வதாலா?

'இருபது வயதில் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் மனப்பாடம். இப்போது மனைவியின் எண்கூட நினைவில்லை, புத்தகத்தில் நாலு பக்கம் தாண்ட முடியவில்லை, மூளை தேய்கிறதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இதற்காகப் பயப்பட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

அந்த எண்களை நீங்கள் உட்கார்ந்து உருப்போடவில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணை முழுசாக விரலால் சுழற்றினீர்கள். லைன் கிடைக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. பதியவைத்தது அதுதான். இப்போது பெயரைத் தொட்டாலே அழைப்பு போய்விடுகிறது. கண்ணில் படாத எண் எப்படிப் பதியும்? 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்விலும், தட்டச்சு செய்த தகவல் கணினியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்கள், அது அழிந்துவிடும் என்று நினைத்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள்.

சின்ன வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. லண்டனின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனதில் ஏற்றித் தேர்வில் தேறிய டாக்சி ஓட்டுநர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்ததை நரம்பியல் விஞ்ஞானி எலினார் மக்வயரின் குழு காட்டியது. அவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

அதனால் மனைவியின் எண்ணைக் கொஞ்ச நாள் இலக்கம் இலக்கமாக அழுத்தியே கூப்பிடுங்கள். படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாது. முதலில் கை துறுதுறுக்கும், அப்புறம் அடங்கும்.

ஆனால் பழகிய வழியிலேயே தடுமாறினாலோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதாக வீட்டில் சொன்னாலோ, தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.