வாங்கிப் பாடுங்கள்!

(பஜனை பற்றி வந்த வாசகர் கேள்விகளுக்கு, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பஜனை மடம் ஒன்றில் ஐம்பத்தைந்து வருடமாகக் கோஷ்டியில் உட்காரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்குச் சுருதி சேராது. குளிக்கும்போது முணுமுணுத்தாலே வீட்டில் கேலி செய்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் ஞாயிறுதோறும் பஜனை நடக்கிறது. போய் உட்கார ஆசை. என் குரல் மற்றவர்களைக் கெடுத்துவிடாதா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தாராளமாகப் போங்கள். நன்றாகப் பாடுகிற ஒருவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர் குரல் உங்கள் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் உங்கள் குரலை வையுங்கள். அவர் குரல் கேட்காமல் போய்விட்டால் நீங்கள் கத்துகிறீர்கள் என்று அர்த்தம். இவ்வளவுதான் விதி. சுருதி சேர்ந்தவர்கள் பலருக்கு இந்த விதி இன்னும் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் மடத்தில் சித்தப்பா முன்பாட்டு, அதாவது முதலில் எடுத்துப் பாடுகிறவர். எனக்கோ ஜால்ரா மேல் கண். உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை, நடுவில் அழுக்கேறிய சிவப்புக் கயிறு. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. "முதல்ல காது வரட்டும். கை தானா வரும்" என்றார். ஆறு மாதம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். அவர் "ஸர்வத்ர கோவிந்த நாம ஸங்கீர்த்தனம்" என்று இழுத்து முடித்ததும் நான் கூட்டத்தோடு சேர்ந்து "கோவிந்தா, கோவிந்தா" என்று சொல்ல வேண்டும். அதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? வந்தது. தினமும் முந்திக்கொண்டேன். அவர் 'தனம்' என்று முடிப்பதற்குள் என் 'கோ' கிளம்பிவிடும். ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவசரம் எதுக்குடா? நான் குடுத்தாத்தானே நீ வாங்க முடியும்?"

எங்கள் பக்கத்தில் 'வாங்கிப் பாடுவது' என்றுதான் சொல்வோம். முன்பாட்டுக்காரர் கொடுப்பார், கோஷ்டி வாங்கும். ஒரு வழியாக ஜால்ரா கைக்கு வந்தபோதும் முழுசாக மோதவிட்டு 'டப்' என்று அடைத்த சத்தம்தான் வந்தது. கொஞ்சம் சாய்த்து, விளிம்பு விளிம்பில் பட்டு நழுவ வேண்டும். அதையும் காதுதான் சொல்லிக்கொடுத்தது.

கோவிந்தபுரம் எங்களுக்குப் பக்கம். அங்கே ராம நாமத்தைப் பரப்பிய துறவி போதேந்திர சுவாமிகள் சமாதியானது 17-ம் நூற்றாண்டின் கடைசியில். ஆற்று மணலில் அந்த இடமே மறைந்துபோய், பிற்பாடு மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் தேடி வந்தார் என்பது வரலாறு. மணலில் நடந்து நடந்து, ஓரிடத்தில் அடியிலிருந்து ராம நாமம் கேட்க, அங்கேதான் அதிஷ்டானம் (சமாதிக் கோயில்) எழுப்பினார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாங்கள் இன்று பாடும் பஜனைப் பத்ததியை, அதாவது எதற்குப் பின் எதைப் பாடுவது என்ற முறையை, வகுத்துக் கொடுத்தவரே அவர்தான். அவரே முதலில் காதைத்தான் வைத்தார் என்றால், தாம்பரத்து அன்பரே, உங்கள் தொண்டையைப் பற்றி ஏன் இத்தனை கவலை?

கேள்வி: தினமும் காலையில் 108 ஜபம் செய்கிறேன். மானசமாகச் செய்வதே உயர்ந்தது என்று படித்தேன். அப்படியிருக்கக் கூட்டமாகச் சத்தம் போட்டுப் பாடுவதற்கு என்ன அவசியம்?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: நீங்கள் படித்தது சரி. வாய்விட்டுச் சொல்வதைவிட உதடு மட்டும் அசைவது மேல், அதைவிட மனதுக்குள் சொல்வது மேல் என்று மனு ஸ்மிருதியிலேயே இருக்கிறது. அதே சமயம் பாகவதம் 12-ம் ஸ்கந்தம், கிருத யுகத்தில் தியானத்தாலும் திரேதையில் யாகத்தாலும் துவாபரத்தில் பூஜையாலும் கிடைத்தது கலியில் ஹரி கீர்த்தனத்தாலேயே கிடைத்துவிடும் என்கிறது. இரண்டையும் மோதவிட்டு ஜெயித்தது யார் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் ஒன்று. மாலை உருட்டும்போது மனசு கறிகாய்க் கடைக்குப் போனாலும் விரல் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருக்கும். 108 முடியும். யாருக்கும் தெரியாது, சில சமயம் நமக்கே தெரியாது. கோஷ்டியில் அது நடக்காது. போன வருடம் ராதா கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, நாமாவளி இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில், ஓடுகிறது. நான் கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் ஒருத்தன் மட்டும் பழைய வரியைக் கணீரென்று பாடினேன். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மிருதங்கக்காரர் சிரித்தேவிட்டார். மனசு அலைந்ததற்கு அவ்வளவு உடனடியான தண்டனை ஜபத்தில் கிடையாது!

உங்கள் 108-ஐ விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் கோஷ்டிக்கும் வாருங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பஜனைக் குழு ஆரம்பித்தோம். பெண்கள் முன்பாட்டுப் பாடக் கூடாது என்கிறார் ஒரு பெரியவர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடினால் சுருதியும் ஒத்துவரவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அந்தப் பெரியவர் மார்கழியில் திருப்பாவை சொல்வாரா? சொல்வார் என்றால் அவரிடமே கேளுங்கள், அந்த முப்பது பாட்டிலும் முன்பாட்டு யார் என்று. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்து வரை ஆண்டாளின் கூட்டம் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறது. பதினைந்தாவதில் உள்ளே படுத்திருக்கிறவள் கேட்கிறாள்: "எல்லாரும் போந்தாரோ?" வெளியிலிருந்து பதில்: "போந்தார், போந்து எண்ணிக்கொள்." வந்துவிட்டார்கள், நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்கிறாள்! அந்தச் சலிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை ஆறரைக்கு மடத்து வாசலில் நின்றுகொண்டு நான் போனில் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

சுருதிச் சிக்கல் நிஜமானது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்களுக்கு ஐந்து கட்டை, ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை வசதி. யாராவது ஒருவர் வசதியில் வைத்தால் மற்றவர்கள் முனகவோ அலறவோ வேண்டியதாகிறது. நாங்கள் மூன்று கட்டையில் வைத்து, மேல் ஸ்தாயியில் ரொம்பச் சஞ்சாரம் செய்யாத நாமாவளிகளாகப் பொறுக்குகிறோம். ஆண்களுக்குக் கொஞ்சம் மேலே, பெண்களுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு பக்கமும் சமமாக முகம் சுளித்தால் சரியான சுருதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்மியும் கோலாட்டமுமாகக் குத்துவிளக்கைச் சுற்றி வரும் தீபப் பிரதட்சிணம் வைத்தால், அந்தப் பகுதியைப் பெண்கள் சுருதிக்கே ஏற்றிவிடுங்கள். அங்கே ஆண்கள் கை தட்டினால் போதும்.

கேள்வி: சம்பிரதாய பஜனை என்றால் ஒரே சமஸ்கிருதமும் தெலுங்குமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழுக்கு இடமில்லையா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கேள்வியில் நியாயம் இருக்கிறது. தஞ்சைச் சீமையில் நாயக்கர் காலத்தில் தெலுங்கு அரண்மனை மொழி. பின்னால் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆட்சி. அவர்களோடு அபங்கம் என்ற மராத்திப் பக்திப் பாட்டு வந்தது. ஜெயதேவரின் 24 அஷ்டபதியும் வரகூர் நாராயண தீர்த்தரின் தரங்கமும் சமஸ்கிருதம். பத்ராசல ராமதாசரும் தியாகராஜரும் தெலுங்கு. புரந்தரதாசர் கன்னடம். காவிரிக்கரையில் யார் வந்தாலும் பஜனை மடத்துத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். ஒரே ராத்திரியில் ஐந்து மொழி வாயில் புரள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. என் மராத்தி உச்சரிப்பை பண்டரிபுரத்தில் கேட்டால் வழக்குப் போடுவார்கள். பாண்டுரங்கன் இதுவரை போடவில்லை.

ஆனால் தமிழுக்கு இடமில்லை என்று யார் சொன்னது? மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தியது தமிழில்தான். சைவர்கள் ஊர் ஊராகத் திருவாசக முற்றோதல் நடத்துகிறார்களே, காலையில் சிவபுராணத்தில் ஆரம்பித்து 51 பகுதியையும் கூட்டமாக ஓதிப் பொழுது சாய முடிப்பார்கள். அது என்ன மொழி? திருத்தணியைப் பாருங்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்த்துச் சலாம் போடப் போன ஜனங்களை, 'பெரிய துரை தணிகைமலையில் இருக்கிறார்' என்று சொல்லி மலைக்குத் திருப்பினார் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நூறு வருடத்துக்கும் மேலாக டிசம்பர் 31-ல் படித் திருவிழா நடக்கிறது. 365 படிக்கும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். நான் ஒரு முறை போனேன். பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். திருப்புகழ்ச் சந்தம் ஏறுகிறவனுக்கு இரக்கமே காட்டாது.

கேள்வி: நாங்கள் மைக் வைத்து பஜனை செய்தால் பக்கத்து பிளாக்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள். பக்திக்கு இவ்வளவு எதிர்ப்பா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: நான் பக்கத்து பிளாக்கில் குடியிருந்தால் நானும் புகார் கொடுப்பேன். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு.

சட்டம் கிடக்கட்டும். கோஷ்டிக்கு முதல் எதிரி மைக்தான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் மடத்தில் ஒரு உபயதாரர் ஆசையாக இரண்டு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார். ஒரே மாதம். முன்பாட்டு கூடம் முழுக்க முழங்கியது. பின்பாட்டுக்காரர்களுக்குத் தன் குரலும் கேட்கவில்லை, பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். கோஷ்டி சபையாகிவிட்டது. கச்சேரி கேட்க டிசம்பரில் சென்னையில் எத்தனையோ சபா இருக்கின்றன, எங்கள் மடம் எதற்கு? ஸ்பீக்கர் இப்போது அன்னதானத்தன்று "பந்தி ரெடி" என்று கூப்பிட உதவுகிறது.

மார்கழி விடியலில் தெருவில் போகும் பஜனையும் அப்படித்தான். பனியில் நாலு பேர் ஒரு விளக்கோடு பாடிக்கொண்டு போனால் வாசலில் கோலம் போடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். குழாய் ஸ்பீக்கரில் ஒலிநாடாவைப் போட்டுவிட்டுப் பூசாரி தூங்கப் போனால் ஜன்னலைச் சாத்துவார்.

கேள்வி: மகன் அமெரிக்காவில். கொரோனா சமயத்தில் ஜூமில் பஜனை ஆரம்பித்தோம், இன்னும் தொடர்கிறது. இதுவும் கோஷ்டிதானே?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: எல்லோரும் மைக்கைத் திறந்து வைத்துப் பாடிப் பாருங்கள். ஒருவர் குரல் இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதற்குள் தாளம் நழுவிவிடும். அதனால் முன்பாட்டைத் தவிர மற்றவர்களை மியூட்டில் போடுகிறார்கள். அவரவர் வீட்டில் அவரவர் தனியாக வாங்கிப் பாடுகிறீர்கள். அது கேட்டுப் பாடுவது, நல்லதுதான், விடாதீர்கள். கோஷ்டி என்று நான் சொல்ல மாட்டேன். மகன் லீவில் வரும்போது நேரில் கூட்டி வாருங்கள்.

கேள்வி: எங்கள் பஜனைக்குப் பையன்கள் வருகிறார்கள். ஆனால் சுண்டலுக்காகத்தான் வருகிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. திருத்துவது எப்படி?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: சுண்டலில் கொஞ்சம் தேங்காய் தாராளமாகப் போடுங்கள். நானும் அதற்குத்தான் போனேன்.

போன சனிக்கிழமை எங்கள் மடத்தில் ஐந்து பையன்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்திலேயே முதல் வரிசை பிடித்தாகிவிட்டது. மங்களம் நெருங்க, அதில் பொடியன் ஒருவன் காலி தொன்னையைக் கையில் சுற்றிக்கொண்டே என் வேட்டியை இழுத்தான். "தாத்தா, அந்தக் கோவிந்தா எப்ப வரும்?"

"இரு, வருது" என்றேன். அவனும் முந்திக்கொண்டான்.