மகளின் குரல்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சேரன்மகாதேவிக்காரன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். நாகஸ்வரம் காருகுறிச்சியாரின் இசைத்தட்டு கேட்டு வளர்ந்த காது என்னுடையது. மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். இங்கே 12 வருஷம் பாட்டு படித்தவள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது அவளுடைய கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். மேடையில் இரண்டே பேர். ஒரு டச்சுப் பெண் ஹார்ப் என்கிற கம்பிக்கருவி வாசித்தாள். என் மகள் பாடினாள் என்று எழுதக் கை வரவில்லை. மூச்சிரைத்தாள், விக்கினாள், பல்லிடுக்கில் காற்றை விட்டாள், ஒரு கட்டத்தில் அலறினாள். அந்தப் பெண் ஹார்ப் கம்பிகளுக்குள் காகிதத்தைச் செருகினாள், கரண்டியால் தேய்த்தாள். நடுவில் ஒரு மேஜை, அதில் ஒயரும் பெட்டியுமாகக் கிடந்தது. அது இவர்கள் சத்தத்தையே வாங்கித் திருப்பித் துப்பிக்கொண்டிருந்தது. 40 நிமிஷம். ராகம் இல்லை, தாளம் இல்லை, ஒரு சொல் இல்லை. "ஒத்திகையே கிடையாதுப்பா, அங்க வச்சுத் தோணுறதுதான்" என்றாள். நல்லா இருந்துச்சும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பொய் உறுத்துகிறது. அவள் அனுப்பிய பதிவை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். இது இசைதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.)

அன்புள்ள அண்ணாச்சி,

பதிவை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை செல்போன் ஸ்பீக்கரில் கேட்டது வீண். அந்தப் பெட்டியிலிருந்து வருகிற மந்தமான ஒலிகள் எதுவும் அதில் ஏறவில்லை. அப்புறம் ராத்திரி, தெரு அடங்கினபிறகு ஹெட்போனில் இரண்டு தடவை. நீங்களும் அப்படி ஒரு தடவை கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற மகள் கண்ணெதிரே அலறினால் எந்த அப்பாவுக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அந்த இடத்தில் உங்களுக்கு ரசனை போதவில்லை என்று எவனாவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இப்போது பதினோராவது நிமிஷத்துக்கு வாருங்கள். பெரிய ஹார்ப்பில் 47 கம்பிகள், காலடியில் 7 பெடல்கள். ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. அதை மிதித்தால் ஒரே ஸ்வரத்தின் கம்பிகள் எல்லாம் அரைச் சுருதி ஏறும், இறங்கும். அந்தப் பெண் கீழே ஒரு தடித்த கம்பியை மீட்டிவிட்டு, பெடலை ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். கம்பியைப் பிடிக்க வேண்டிய முள் பிடித்தும் பிடிக்காமலும் நிற்க, கம்பி அதில் உரசி 'டர்ர்ர்' என்று அதிர்கிறது. எழுதிவைத்ததை வாசிக்கிற கச்சேரியில் இது பிழை. இங்கே வேண்டுமென்றே செய்கிறாள். உங்கள் மகள் அந்த அதிர்வைக் கேட்டு, அதே சுருதியில் நாக்கை உருட்டி ஒரு 'ர்ர்ர்' எடுக்கிறாள். நாலைந்து நொடிக்குள் எது கம்பி, எது தொண்டை என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. சுருதி இம்மிகூட விலகவில்லை. அந்தப் 12 வருஷம் எங்கே போயிற்று என்று நினைத்தீர்கள் இல்லையா, அது இங்கேதான் இருக்கிறது அண்ணாச்சி.

அதைக் கேட்கும்போது எனக்குப் பெரும்பாணாற்றுப்படையின் இடையன் ஞாபகம் வந்தான். அவன் குழலூதி அலுத்துப்போய், குமிழமரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி ஒரு வில்யாழ் செய்கிறான். விரலால் தெறித்துக் குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். வண்டுகள் 'கிளைசெத்து ஓர்க்கும்' என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தங்கள் சுற்றத்தின் குரல் என்று எண்ணி உற்றுக் கேட்கின்றனவாம். கம்பியின் ரீங்காரமும் உயிரின் குரலும் ஒன்றோடொன்று மயங்கும் இடத்தை அந்தக் கவிஞர் காதால் கண்டுபிடித்திருக்கிறார். நானும் அந்த வண்டு மாதிரிதான் பதினோராவது நிமிஷத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்காக 'இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. மேற்கில் இதற்கென்று ஒரு பாதை இருக்கிறது. இத்தாலியின் லூசியானோ பெரியோ 1963இல் தனி ஹார்ப்புக்கு ஒரு படைப்பு எழுதினார். அடுத்த சில வருஷத்தில் கேத்தி பெர்பேரியன் என்ற பாடகிக்காகத் தனிக் குரலுக்கு ஒன்று எழுதினார். சிரிப்பு, முணுமுணுப்பு, இருமல் எல்லாம் அதில் இசை. அமெரிக்காவின் ஜீனா பார்க்கின்ஸ் எலெக்ட்ரிக் ஹார்ப்பைக் கையில் எடுத்துப் பல பத்தாண்டுகளாக மேடையிலேயே உருவாக்கி வாசிக்கிறார். உங்கள் மகள் அந்தப் பாதையில் நடக்கிறாள்.

ஆனால் கேட்கிற காது நம்முடையது. அதை இங்கேயே பழக்கலாம். விளாத்திகுளம் சுவாமிகள் சாகித்யம் இல்லாமல் ராகத்தை மட்டும் மணிக்கணக்கில் பாடுவார், கரிசல்காட்டுச் சம்சாரிகள் உட்கார்ந்து கேட்பார்கள். சொல் இல்லையே என்று யாரும் எழுந்து போகவில்லை.

இன்னொன்று நானே பார்த்தது. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் என் அம்மாவின் ஊர். சுடலைமாடன் கோயில் கொடைவிழா. எனக்குப் பத்து வயது இருக்கும். நடுச்சாமம், வில்லுப்பாட்டில் சாமியை வரவழைக்க வரத்துப் பாடுகிற நேரம். வீசுகோல் விழுந்து வில்லின் மணிகள் குலுங்குகின்றன, குடத்தின் வாயில் மட்டை விழுந்து 'கும் கும்' என்கிறது. சாமியாடியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அழுகை இல்லை, பேச்சு இல்லை, கொட்டாவிக்கும் உறுமலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பாடிக்கொண்டிருந்த அண்ணாவி பாதி வரியில் பாட்டை விட்டுவிட்டார். உடுக்கைக்காரர் தன் கையைப் பார்க்கவே இல்லை. சாமியாடியின் தொண்டைக்குழியையே பார்த்து, அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப உடுக்கையின் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அடித்தார். யாரும் ஒத்திகை பார்த்ததில்லை. அந்தக் கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல. அங்கே அந்தச் சத்தம் மாடனுடையது. எதற்காக வருகிறது என்று ஊருக்கே தெரியும். உங்கள் மகளுக்கு மாடனும் இல்லை, ஊரும் இல்லை. கச்சேரியில் அந்த நேரத்துக்குத் தோன்றுகிற ஸ்வரங்களைக் கல்பனாஸ்வரமாகப் பாடுகிறவருக்கு ராகம், தாளம் என்ற வேலியாவது உண்டு. இந்த இரண்டு பெண்களுக்கும் அதுவும் இல்லை. ஒருத்தி செய்வதை மற்றவள் கேட்கிறாள் என்ற ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிமானம். கேட்பது ஒரு நொடி தவறினால் வெறும் இரைச்சலாகிவிடும். 'டர்ர்ர்' முடிந்ததும் உங்கள் மகள் கிட்டத்தட்ட 40 நொடி வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? ஹார்ப் கம்பி ஓய்ந்து, பெட்டி சொன்னதையே திரும்பச் சொல்லித் தேயும்வரை காத்திருக்கிறாள். அலறலைவிட அது கடினம். இசைதானா என்று கேட்டீர்களே, அந்த 40 நொடிக்காக நான் ஆமாம் என்பேன்.

குறையும் சொல்ல வேண்டும். 26ஆவது நிமிஷத்திலிருந்து பெட்டியில் ஒரு லூப், அதாவது ஒரே ஒலித்துண்டு திரும்பத் திரும்ப, ஓடத் தொடங்குகிறது. அதன்பின் இரண்டு பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். எக்கோவைக் கூட்டிக் குகைக்குள் இருக்கிற மாதிரி ஒரு பிரமிப்பு உண்டாக்குகிறார்கள். கருவி தானே ஓடும்போது மனுஷக் காது சோம்பிவிடுகிறது. சுமார் பத்து நிமிஷம் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கவே இல்லை. அங்கே உங்களுக்கு எரிச்சல் வந்திருந்தால் அது நியாயமான எரிச்சல், மகளிடம் அப்படியே சொல்லலாம். நல்லா இருந்துச்சு என்பதைவிட அவளுக்கு அது உதவும். கூடவே அந்த 40 நொடியில் மனசுக்குள் என்ன ஓடியது என்று கேளுங்கள்.

அடுத்த முறை அவள் ஊருக்கு வருவது கொடை சமயமாக இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். அம்மாவின் ஊரில் இன்னும் வில்லுப்பாட்டு நடக்கிறது. உடுக்கைக்காரர் பக்கமாக இடம் பிடித்து வைக்கிறேன்.