சம்பள ஒப்பந்தம் பேசற ரூமுக்குள்ள போங்க

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி மேல்படிப்பு) முடிச்சிட்டு 11 வருஷமா ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனில எச்.ஆர்.ல இருக்கேன். ஆள் எடுக்கறது, ட்ரெயினிங், பொங்கல் கோலப்போட்டி எல்லாம் நான்தான். சம்பள ஒப்பந்தம் நடந்தா மினிட்ஸ் டைப் பண்ண மட்டும் கூப்பிடுவாங்க. டிபார்ட்மெண்ட்ல முக்காவாசி பேர் பொண்ணுங்க, ஆனா ஹெட் எப்பவும் ஆம்பளைதான். இப்ப அவர் ரிட்டயர் ஆகறார், அந்த இடத்துக்கும் வெளிய இருந்து ஒருத்தர் வர்றாராம். எம்.டி. கிட்ட கேட்டா "யூனியனை உன்னால சமாளிக்க முடியாதும்மா"ன்னுட்டார். நான் எம்.பி.ஏ. பண்ணணுமா, இல்ல இன்னும் பொறுமையா இருக்கணுமா?
- ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: ரெண்டும் வேணாம்மா. எம்.எஸ்.டபிள்யூ.ல லேபர் லா படிச்சவங்க நீங்க, லட்சக்கணக்குல கட்டி இன்னொரு சர்டிபிகேட் வாங்கினாலும் எம்.டி. இதே பதிலைத்தான் சொல்லுவார். பொறுமையா இருந்தா அடுத்த தடவையும் வெளிய இருந்துதான் ஆள் வரும், வந்தவருக்கு கம்பெனிய சுத்திக் காட்டறது நீங்களா இருப்பீங்க.

நீங்க எழுதின அந்த மினிட்ஸ் விஷயத்துலதான் எல்லாம் இருக்கு. ஃபேக்டரில எச்.ஆர். ஹெட்டா யாரைப் போடறாங்க? யூனியன்காரங்களோட ராத்திரி வரைக்கும் உக்காந்து ட்வெல்வ்-த்ரீ (பழைய சட்டத்தோட 12(3) பிரிவுப்படி லேபர் ஆபீசர் முன்னாடி போட்ட ஒப்பந்தம்) போட்டவரை, லேபர் ஆபீஸ்ல கான்சிலியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்குப் போய் நின்னவரை, தப்பு பண்ணினதா சொல்ற தொழிலாளி மேல கம்பெனிக்குள்ளயே டொமஸ்டிக் என்கொயரி நடத்தினவரை. இந்த வேலையெல்லாம் ஆம்பளைங்களுக்கு, மத்தது உங்களுக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டு, 11 வருஷம் கழிச்சு உனக்கு யூனியன் அனுபவம் இல்லையேன்னு சொல்றது அநியாயம்.

அதுவும் நம்ம ஊர்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு எந்த ஷூ கம்பெனிக்குள்ள போனாலும் ஷூவோட மேல்பாகம் தைக்கற லைன்ல பொண்ணுங்கதான் வரிசையா உக்காந்திருக்காங்க, இந்தியாவுலயே ஃபேக்டரி வேலைக்குப் போற பொண்ணுங்கள்ல 100க்கு 40 பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்க. பேர்ணாம்பட்டு பக்கத்து கிராமத்துப் பொண்ணை ஷிப்ட் பஸ் மெயின் ரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போனா, வீட்டுக்கு இருட்டுல எவ்வளவு தூரம் நடக்கணும், பாத்ரூமுக்கு எழுந்தா சூப்பர்வைசர் எப்படிக் கத்தறார், இதெல்லாம் அவங்க வந்து சொல்றது உங்க கிட்டதான். அதை அந்தப் பேச்சுவார்த்தை டேபிள்ல எடுத்து வைக்க முடிஞ்ச ஆளைப் பார்த்து சமாளிக்க முடியாதுன்னு எப்படி சொல்றாங்க?

லீனா நாயர் 2016ல யூனிலீவருக்கு உலக அளவுல எச்.ஆர். தலைவர் ஆனாங்க, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், அப்புறம் 2022ல ஷனேல்ங்கற ஃபேஷன் கம்பெனிக்கே சி.இ.ஓ. அவங்க ஆரம்ப வருஷங்கள்ல வேலை பார்த்தது ஃபேக்டரிகள்ல, அதுல ஒண்ணு நம்ம அம்பத்தூர். மேரி பாராவும் அப்படித்தான், ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனில பிளாண்ட் மேனேஜரா இருந்தவங்க, 2009ல உலக எச்.ஆர். பொறுப்பு, 2014ல சி.இ.ஓ. ரெண்டு பேரும் பிளாண்டுக்குள்ள நின்னு பார்த்துட்டு மேல போனவங்க.

உங்களுக்கு இப்ப ஒரு நல்ல நேரம் வந்திருக்கு, அதை விட்டுடாதீங்க. 2025 நவம்பர் 21ல இருந்து 29 பழைய தொழிலாளர் சட்டங்கள் போய் 4 புது சட்டத் தொகுப்பு (லேபர் கோட்) வந்தாச்சு. அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா, மேல போனது சம்பளக் கணக்குலயே சேரும், அதனால கிராஜுவிட்டி செலவு ஏறும், ஃபிக்ஸட் டெர்ம்ல எடுத்தவங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி. 500 பேர் இருந்தா வெல்ஃபேர் ஆபீசர்னு இருந்தது இப்ப 250. அதாவது 25 வருஷ அனுபவஸ்தரும் இன்னைக்கு உங்களோட சேர்ந்து புதுசாத்தான் படிக்கணும். உங்க கம்பெனி பே-ரோலை எடுத்து, இதனால வருஷத்துக்கு எவ்வளவு கூடும்னு கிரேடு கிரேடா கணக்கு போட்டு எம்.டி. டேபிள்ல வைங்க. அதோடயே, அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தை டீம்ல என் பேர் இருக்கணும்னு ஒரு லெட்டர். வாய் வார்த்தையா கேக்காதீங்க, எழுதிக் குடுங்க.

இன்னொண்ணு, 2013 சட்டப்படி பாலியல் புகார் விசாரிக்கற கமிட்டிக்கு தலைமை சீனியர் லெவல்ல இருக்கற ஒரு பெண்தான். சாட்சியை வரவழைக்க சிவில் கோர்ட் அதிகாரமே அதுக்கு இருக்கு, 90 நாள்ல விசாரணையை முடிக்கணும். நிறைய இடத்துல பேருக்கு ஒருத்தர் கையெழுத்து போட்டுட்டுப் போறாங்க. உங்க கம்பெனிலயும் அப்படின்னா அந்தப் பொறுப்பை நீங்க கேட்டு வாங்கி ஒழுங்கா நடத்துங்க, புகார் குடுத்துட்டு அலையற பொண்ணுக்கும் நியாயம் கிடைக்கும், விசாரணை நடத்தின அனுபவமும் உங்க பேர்ல வரும்.

புது ஹெட் வந்து, அடுத்த பேச்சுவார்த்தை ஆரம்பிக்கும்போதும் உங்க பேர் லிஸ்ட்ல இல்லைன்னா காத்திருக்க வேணாம். சிப்காட்ல வேற கம்பெனிக்கு அப்ளை பண்ணுங்க, ஐ.ஆர். (யூனியனோட பேசற தொழிலுறவு) வேலைக்கோ வெல்ஃபேர் ஆபீசர் வேலைக்கோ மட்டும். சம்பளம் ஆயிரம் ரெண்டாயிரம் குறைஞ்சாலும் போங்க, சேரும்போதே யூனியன் பேச்சுவார்த்தைல நானும் இருப்பேனான்னு கேட்டு ஆர்டர்ல எழுதி வாங்கிட்டு சேருங்க.