இதழியல், ஊடகம், எழுத்து பற்றிய செவ்வியல் நூல்களில் எதை முதலில் படிப்பது, எப்படிப் படிப்பது?

நூல்களின் பட்டியல் கையில் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். விதி சொல்லும் நூலில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு நல்ல செய்திக்கட்டுரையை எடுத்து அக்கக்காகப் பிரித்துப் பாருங்கள். விதிகள் எதற்காக வந்தன என்பது அதற்கப்புறம்தான் பிடிபடும்.

என் முதல் தேர்வு ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'தி நியூ யார்க்கர்' இதழை முழுவதும் இந்த ஒரு கட்டுரைக்கே ஒதுக்கினார்கள். அதே ஆண்டு நூலாகவும் வந்தது. அணுகுண்டு வெடித்த காலை 8.15 மணிக்கு ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் தொடக்கம். தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் தோஷிகோ சசாகி, பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறார். ஒரு இளம் மருத்துவர் பரிசோதனைக்கான ரத்த மாதிரியோடு ஆஸ்பத்திரி நடைவழியில் போகிறார். கணவனை இழந்த ஒரு பெண், அடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே இடிப்பதை அடுக்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

'கொடூரம்', 'கோரம்' என்று ஒரு சொல்கூட அங்கே கிடையாது. இப்படிப்பட்ட விவரம் தானாகவும் வந்து விழாது. "அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டால் "அலுவலகத்தில்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உட்கார்ந்திருந்தீர்களா, நின்றீர்களா, கையில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் தலை திரும்பிய அந்தக் கணம் கிடைக்கும்.

முதல் அத்தியாயத்தைப் பென்சிலோடு மறுபடி படியுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் நேரே ஓரத்தில் 'நேரில் பார்த்தது', 'கேட்டு அறிந்தது', 'ஆவணம்' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். குண்டு விழுந்தபோது ஹெர்சி அங்கே இல்லை, அதனால் பெரும்பாலும் 'கேட்டு அறிந்தது' என்றுதான் விழும். கேட்டு அறிந்ததை வைத்தே கண்ணால் பார்த்தது போல எழுத முடிகிறது என்றால், அதற்கு எத்தனை கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போது உறைக்கும். பிறகு உங்கள் கட்டுரை ஒன்றுக்கும் இதையே செய்யுங்கள். எந்தக் குறியும் போட முடியாத வாக்கியங்கள் சில அகப்படும். அவை நீங்களாகச் சேர்த்தவை.

இந்த பாணியைப் பின்பற்றுபவர்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான். காட்சி வேண்டும் என்ற ஆசையில் 'அவர் நெஞ்சு படபடத்தது' என்று எழுதிவிடுவார்கள். அவர் சொன்னாரா என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் இரண்டாவதாக பில் கோவாச், டாம் ரோசன்ஸ்டீல் எழுதிய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஜர்னலிசம்' (2001) நூலை எடுங்கள். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் சரிபார்த்தல் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது விடாதீர்கள். நடக்காததைச் சேர்க்காதே, வாசகரை ஏமாற்றாதே, தகவல் எப்படிக் கிடைத்தது என்பதை மறைக்காதே, நீயே விசாரித்து எழுது, உனக்குத் தெரிந்ததன் எல்லையை உணர்ந்திரு என்பவை அதன் சாரம். அச்சுக்குப் போகுமுன் கட்டுரையைத் தாளில் எடுத்து, வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு தகவலாகச் சரிபார்த்துக் குறியிடும் நிருபர் டாம் ஃப்ரெஞ்சின் வழக்கமும் அதில் வருகிறது. திரையிலேயே படித்தால் கண் பழகிப்போய்த் தாண்டிவிடும், தாளில் படித்தால் நிற்கும்.

நடைக்கு வருவோம். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய 'பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலீஷ் லாங்குவேஜ்' ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய கட்டுரை. கடைசியில் உள்ள ஆறு விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பலர் ஓடிவிடுகிறார்கள். அதைவிடப் பயன் தருவது நடுவில் இருக்கிறது: பைபிளின் பிரசங்கி வசனம் ஒன்றை அலுவலக மொழியில் திருப்பி எழுதிக் காட்டுகிறார். மூலத்தில் 49 சொற்கள், 60 அசைகள். திருப்பி எழுதியதில் சொற்கள் 38, அசைகளோ 90. ஓட்டம், போர், அப்பம் எல்லாம் மறைந்து கருத்துச் சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

வினைச்சொல் ஒன்று போதும் இடத்தில் பெயர்ச்சொல்லும் துணைவினையும் கோத்து நீட்டும் வழக்கத்தை ஆர்வெல் தனியாகச் சாடுகிறார். தமிழ்ச் செய்தியில் இது நாள்தோறும் நடக்கிறது: வருகை புரிந்தார், உரை நிகழ்த்தினார், ஆய்வு மேற்கொண்டனர். முதல் இரண்டுக்கும் 'வந்தார்', 'பேசினார்' போதும். மூன்றாவதை 'ஆராய்ந்தனர்' என்று சுருக்கினாலும் குறை தீராது. என்ன செய்தார்கள்? கிணற்றில் தண்ணீர் மாதிரி எடுத்தார்களா, பதிவேட்டைப் புரட்டினார்களா? தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். 'கூறப்படுகிறது' என்பதும் அப்படித்தான். யார் கூறியது என்ற கேள்வியை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. நடையில் தெரியும் குறை பெரும்பாலும் விசாரணையில் விட்ட குறைதான்.

வில்லியம் ஜின்சரின் 'ஆன் ரைட்டிங் வெல்' (1976) நூலில், அவரே அடித்துத் திருத்திய கையெழுத்துப்படிப் பக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அறிவுரையை விட அந்தப் பக்கங்கள்தான் ஆசிரியர். வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் எழுதி, ஈ.பி. வைட் 1959இல் விரித்த 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' நூலில் பாதி ஆங்கில இலக்கணம், அதைத் தாண்டிவிடலாம். அழுத்தம் வேண்டிய சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வை என்ற யோசனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். நமக்குக் கடைசி இடம் வினைக்கு உரியது. அழுத்தம் வினைக்கு ஒட்டி முன்னால் விழும்.

ஊடகத்தைப் பற்றி வால்டர் லிப்மனின் 'பப்ளிக் ஒப்பீனியன்' (1922) நூலைப் பலரும் சொல்வார்கள். அதற்கு முன் அவரும் சார்லஸ் மெர்ஸும் 1920இல் வெளியிட்ட 'எ டெஸ்ட் ஆஃப் தி நியூஸ்' ஆய்வைப் படியுங்கள். ரஷ்யப் புரட்சி பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட மூன்றாண்டுச் செய்திகளை, பின்னால் யாரும் மறுக்க முடியாதபடி நடந்து முடிந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். 1917 நவம்பரிலிருந்து இரண்டே ஆண்டுகளில், சோவியத் ஆட்சி விழப்போகிறது அல்லது விழுந்துவிட்டது என்று 91 முறை செய்தி வந்திருந்தது. பெயரில்லாத வட்டாரங்களையும் அரசுத் தரப்பையும் நம்பியது முக்கியக் காரணம். நீங்களும் செய்து பார்க்கலாம்: முடிவு தெரிந்துவிட்ட ஒரு நிகழ்வை எடுத்து, அதற்கு முந்தைய ஆறு மாதச் செய்திகளில் 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று வந்தவற்றை எண்ணுங்கள். எத்தனை பலித்தன, அவற்றைச் சொன்னது யார் என்று எதிரே எழுதுங்கள்.

ஹெர்மன், சாம்ஸ்கியின் 'மேனுஃபாக்சரிங் கன்சென்ட்' (1988), எது செய்தியாகும் எது ஆகாது என்பதை ஊடகத்துக்குள் தீர்மானிக்கும் ஐந்து 'வடிகட்டி'களுக்காகப் பேசப்படுகிறது. உடன்பட்டாலும் படாவிட்டாலும், ஒரே மாதிரிக் கொலைகளுக்குக் கிடைத்த இடத்தைப் பத்தி அங்குலத்தில் (செய்திப் பத்தியின் நீளத்தை அங்குலக் கணக்கில்) அளந்து ஒப்பிடும் அதன் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஊடகக் கோட்பாட்டாளர் மார்ஷல் மெக்லூகனை அவசரமாகப் படிக்க வேண்டாம். நீல் போஸ்ட்மேனின் 'அம்யூசிங் அவர்செல்வ்ஸ் டு டெத்' (1985) எளிது, அதிலிருந்து மெக்லூகனிடம் போகலாம்.

ஜேனட் மால்கமின் 'தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்' (1990) நூலை மட்டும், நீண்ட பேட்டி ஒன்றை எடுத்து முடித்த பிறகு படியுங்கள். கொலை வழக்குக் கைதியிடம் நண்பனாகப் பழகி, கடைசியில் அவரையே மனநோய்க் கொலைகாரராக எழுதிய ஒருவர் மீது அந்தக் கைதி தொடுத்த வழக்குதான் கரு. மால்கமின் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பேட்டிக்கு முன் உங்கள் வாயிலிருந்து வந்த வாக்குறுதிகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படித்தால், எதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது வரிக்கு வரி தெரியும்.