குப்பைமேட்டு ரோபோவும் வீட்டு ரோபோவும்

கேள்வி: ‘ரியல் ஸ்டீல்’ படத்தில் வரும் ரோபோக்கள் முழுக்க கிராபிக்ஸா? சில காட்சிகளில் நிஜமாகவே எதிரில் நிற்பதுபோல் இருக்கிறதே!
(கல்லூரி மாணவி, திருச்சி)

சில காட்சிகளில் நிஜமாகவே நிற்கின்றன. ரோபோக்கள் குத்துச்சண்டை போடும் அந்தப் படம் 2011-இல் வந்தது. அதற்காக லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் ‘ஆட்டம்’ (கதைப்படி குப்பைமேட்டில் கிடைக்கும் ரோபோ), ‘நாய்சி பாய்’, ‘ஆம்புஷ்’ ஆகிய ரோபோக்களை முழு உயரத்தில் செய்தது. தலையையும் கைகளையும் ரிமோட்டில் அசைக்கலாம். நடக்க வைக்க முடியாது. ஆகவே ரோபோ நடந்தாலோ சண்டை போட்டாலோ அது கிராபிக்ஸ். ஆனால் அந்த அசைவும் மனிதர்களுடையதுதான். குத்துச்சண்டை தெரிந்தவர்களை சென்சார் உடையில் மோதவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு காலியான குத்துச்சண்டை வளையத்தில் படம்பிடிக்கும்போது, கேமராவின் திரையில் ரோபோக்கள் மோதுவது தெரியும். அதனால் குத்து விழும் பக்கத்துக்குக் கேமரா சரியாகத் திரும்பியது. ஆலோசகர் யார் தெரியுமா? குத்துச்சண்டை சாம்பியன் சுகர் ரே லெனார்ட்! சண்டைகள் இன்றும் கனமாகத் தெரிவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

கேள்வி: அப்பா–மகன் பாசம் மூலக்கதையிலேயே உண்டா?
(வாசகர், மதுரை)

இல்லை. ரிச்சர்ட் மேத்திசன் 1956-இல் எழுதிய ‘ஸ்டீல்’ சிறுகதையில் பையனே கிடையாது. ரோபோ பழுதாகிவிட, பணத்துக்காக முன்னாள் வீரரே ரோபோ வேஷத்தில் வளையம் ஏறி அடிவாங்குவார். படத்தின் கடைசிச் சுற்றில், முன்னாள் வீரரான அப்பா சார்லி வெளியே நின்று காற்றில் குத்த, ‘ஆட்டம்’ அதைப் பார்த்துக் குத்துகிறது. மூலக்கதை நாயகனை அடிபடாமல் வளையத்துக்குள் கொண்டுவந்த அருமையான யோசனை அது. மகன் மேக்ஸின் பார்வை அப்போது அப்பா மீதுதான் இருக்கும். அடுத்த முறை கவனியுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு மகளோடு சேர்ந்து சண்டை ரோபோ செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
(தந்தை, ஓசூர்)

இரண்டு காலில் நிற்கும் ரோபோ வேண்டாம், சக்கரத்தில் ஓடட்டும். சண்டை ரோபோ போட்டிகளில் உள்ள ஒரு பவுண்டு (454 கிராம்) எடைப் பிரிவு வீட்டு மேஜையில் வைத்துச் செய்யத் தோதானது. முதல் ரோபோவுக்குச் சுழலும் பிளேடும் வேண்டாம். எதிராளியை அடியிலிருந்து தூக்கித் தள்ள முன்பக்கம் ஒரு சரிவுத் தகடு போதும்.

தேவையானவை: 6 வோல்ட், 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 500 சுற்று) என்20 என்ற சிறிய வகை கியர் மோட்டார் 2, 45 மி.மீ. சக்கரம் 2; 7.4 வோல்ட் (இரண்டு செல்), 450 எம்ஏஹெச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, இரு மோட்டாருக்கும் சேர்த்து ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர், ஒரு சுவிட்ச். உடம்புக்குக் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையே அருமையான பொருள். அடி வாங்கினால் வளையும், உடையாது. சாதாரண வாளாலேயே அறுக்கலாம். 6 மி.மீ. கனத்தில் மேலும் கீழும் ஒரு பலகை, நடுவில் 12 மி.மீ. மோட்டார் என்றால் மொத்தம் 24 மி.மீ. சக்கரம் அதைவிடப் பெரிது என்பதால் கவிழ்ந்தாலும் ஓடும்.

முதலில் காலை வாருவது பெரும்பாலும் ஒயர்தான். மோட்டாரின் மெல்லிய பித்தளைக் காதில் சால்டர் செய்த ஒயர், மோதும்போது ஆடி ஆடிக் காதோடு பிய்ந்து வந்துவிடும். சால்டர் செய்த கையோடு ஒயரை மோட்டார் உடம்போடு சேர்த்து ஹாட் க்ளூ வைத்துவிடுங்கள். அதிர்வில் நட்டு கழலும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள். சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்கவில்லை என்றால், சிக்னல் போனதும் மோட்டார் நிற்கும்படி ரிசீவர் அமைப்பைச் சரிசெய்யாமல் கீழே விடக்கூடாது.

லிப்போவில் விளையாட்டு வேண்டாம். பேலன்ஸ் சார்ஜரில் (செல்களைச் சமமாக ஏற்றும் சார்ஜர்) 0.45 ஆம்பியரில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பயன்படுத்தாமல் எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கட்டும். உப்பிய பேட்டரியை மறுபடி தொடவே வேண்டாம்.

ரிமோட்டை மகளிடமே கொடுங்கள். தரையில் சாக்பீஸால் மூன்றடிச் சதுரம் போட்டு, கோட்டைத் தாண்டாமல் லைசென்ஸ் டெஸ்ட்போல எட்டு போடட்டும். ரோபோ அவளை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும், தடுமாற்றமே அங்கேதான். அந்தத் திசையில் கூடுதலாகப் பழகட்டும்.