பச்சை மூடிக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: கார் ஒன்றும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரும் வைத்திருக்கிறேன். எல்லா டயருக்கும் நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும், சாதாக் காற்று என்றால் வெயிலில் வெடித்துவிடும் என்கிறார் டயர் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் வெயிலில் விரியாது என்பதும் கதை. எந்த வாயுவாக இருந்தாலும், கார் டயரில் பத்து டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடத்தான் செய்யும். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவாலும் அளவு மீறிய பாரத்தாலும்தான்.

நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 30 பிஎஸ்ஐ அடித்து ஓராண்டு வைத்துப் பார்த்ததில், காற்று டயரில் 3.5, நைட்ரஜன் டயரில் 2.2 குறைந்திருந்தது. இதற்கா காசு?

"விமானத்துக்கே நைட்ரஜன்தான் சார்" என்பார். அது சரிதான். 1986-ல் மெக்சிகோவில் ஒரு பயணிகள் விமானத்தில், பிரேக் சூட்டில் டயர் வெடித்து 167 பேர் இறந்தார்கள். அந்த டயரில் இருந்தது சாதாக் காற்று. சக்கரம் அந்த அளவு கொதிக்கும்போது ரப்பரிலிருந்து கிளம்பும் ஆவியும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து வெடிக்கும். அதனால் பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் விதியே போட்டார்கள். உங்கள் டிரெய்லர் தக்காளிப் பெட்டியோடு ஓடுபாதையில் இறங்கப் போவதில்லையே!

இன்னொரு தில்லுமுல்லு. பல கடைகளில் பழைய காற்றை இறக்குவதே இல்லை. மேலாக ஐந்து பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி, நைட்ரஜனுக்கு அடையாளமான பச்சை மூடியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே ஆக்சிஜன் 21-லிருந்து 19 சதவீதம் ஆகியிருக்கும். அப்புறம் "இனி சாதாக் காற்று கலக்காதீர்கள்" என்று மிரட்டல் வேறு. அதை நம்பி, அடுத்த நைட்ரஜன் கடை வரும்வரை குறைந்த காற்றிலேயே ஓட்டுகிறார்கள். தாராளமாகக் கலக்கலாம்.

பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. நான் போகும் பங்க்கில் மிஷின் எப்போதும் 'ரிப்பேர்'. புகார்ப் புத்தகம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஓடுகிறது! கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சொந்தமாக, டயர் அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். காருக்கான அளவு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும்; டயரில் பொறித்திருப்பது உச்ச அளவு. டிரெய்லருக்குப் பாரம் ஏற்றும் அளவைப் பொறுத்து டயர் கம்பெனி அட்டவணைப்படி அடியுங்கள்.